அன்றாடம் ஊற்ற ஒரு ஒயின்

ஒயின் வாங்குவதென்றால் கடையில் லோடு இறங்குகிற நாளில் போக வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளுக்குத் தகரக் கூரைதான். பிராந்தி அந்த வெக்கையைத் தாங்கிவிடும். ஒயின் தாங்காது. மாதக்கணக்கில் அட்டைப்பெட்டிக்குள் வெந்து கிடந்தால் புளித்துப்போகும். லோடு வந்த அன்றைக்கே புதுப் பெட்டியைப் பிரித்துத் தரச்சொல்லி வாங்கி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் கழுத்து வரைக்கும் புதைத்து வைத்தால், திறந்த பாட்டில்கூட நாலு நாள் நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். பாட்டிலில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். ஆனாலும் ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் வரைக்கும், விலை குறைந்த ஒயினில் எது தினமும் குடிக்க லாயக்கு, எது வெறும் சாயத் தண்ணீர் என்று கேட்டால் நான் சொல்லுவேன்.

ஒயின் எங்கள் வீட்டுக்கு வந்தது என் வீட்டுக்காரருக்காக. அவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். மருந்து கலக்கும் ரூமில் ஒரு நாள் தீப்பிடித்ததில் இரண்டு கையும் வெந்துவிட்டன. உயிர் நின்றது. விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயின. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அழுத்தித்தான் தூக்குவார். சட்டைக்குப் பித்தான் போடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, மூக்கைத் துடைப்பது எல்லாம் நான். பாட்டிலைத் திறந்து ஊற்றுவதும் நான்தான்.

கை போனது, நாக்கு போகவில்லை. நாக்கைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு பெருமை. "எங் கை பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், எம் நாக்கு பொய் சொல்லாது" என்பார். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த நாக்குக்கு முன்னால்தான் நான் கைகட்டி நின்றேன். கை நன்றாக இருந்த காலத்தில், உப்பு ஒரு கல் கூடினால் தட்டு சுவரில் போய் விழும். அந்தக் காலத்தில்தான் என் மகள் சடங்கன்று, பந்தியில் அத்தனை சொந்தமும் உட்கார்ந்திருக்க, குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்தார். சட்டியோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் சாக்கடை ஓடுகிற வாறுகாலில் கொட்டினார். "நாய் குடிக்கட்டும், இவ வச்சது நாய்க்குத்தான் ஆகும்" என்றார். தெருநாய் வந்து குடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். கரண்டியை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

பிராந்தி குடித்துக் குடித்து அவர் வயிறு வீங்கியபோது விருதுநகரில் டாக்டர், பிராந்தியைத் தொடக்கூடாது, எதையுமே தொடாமல் இருந்தால் நல்லது என்றார். எதையும் தொடாமல் இருக்கிற ஆள் இல்லை அவர். ஒயின் போதும் என்று நான் முடிவு பண்ணினேன். அவரைக் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

"என்ன புள்ள இது. பொம்பளைக மேலு செவக்கணும்னு குடிக்கிற தண்ணிய எனக்கு ஊத்துத."

"இதுதான் இருக்கு. பிராந்தி வேணும்னா கடைக்குப் போங்க, வாங்குங்க, மூடியத் திருகுங்க, குடிங்க. நான் வேணாங்கல."

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார். நான் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

கடைக்கு நானே போனேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கும்போதே ஆம்பளைகள் வரிசையில் நிற்பார்கள். பெயர்தான் ஒயின்ஷாப், ஒயின் கேட்கிற ஆள் கிடையாது. நான் கேட்டதும் விற்பனை பண்ணுகிறவனே தேடித்தான் எடுத்தான். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன், "ஏ ஆத்தா, இந்த வயசுல கலரு ஏத்தி எங்கன போகப் போற?" என்றான்.

"என் வீட்டுக்காரருக்குலே. ஒங்கப்பனுக்கும் வேணும்னா சொல்லு, கொள்ளி வைக்கிறதுக்குள்ள ஒரு வாய் ஊத்திப் பாப்போம்."

அதற்குப் பிறகு அந்த வரிசையில் என்னை யாரும் சீண்டவில்லை. நான் வந்தால் வழி விட்டார்கள்.

நான் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற செக்சனில் வேலை பார்த்தவள். ஒரே தரைச்சக்கரம்தான் வரும். பாதியை மங்கலான லேபிள் உள்ள டப்பாவில் போடுவோம், பாதியைத் தங்கக் கலர் டப்பாவில் போடுவோம். தங்கக் கலருக்கு விலை இரண்டு பங்கு. வாங்கிப் போகிறவர்கள், அது நன்றாகச் சுற்றுகிறது என்று அடுத்த வருசமும் அதையே கேட்டு ஆர்டர் போடுவார்கள். அதனால் பாட்டில் மேல் இருக்கும் லேபிள் என்னை ஒன்றும் செய்யாது. குதிரைப் படம், கோட்டைப் படம், வெள்ளைக்காரி படம், எல்லாம் எங்கள் சிவகாசியில் அடிக்கிற மாதிரிக் காகிதம்தானே.

ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுவேன். காய்ந்த பிறகும் ரோஸ் கலராகவே நின்றால் சாயம். ஓரம் பழுப்பாகிக் காவி மாதிரி ஆனால் பழம். அப்புறம் ஒரு கரண்டி குடிப்பேன். சில ஒயின் இருமல் மருந்து மாதிரித் தொண்டையில் ஒட்டும், சீனியும் சாராயமும் கலந்து வைத்திருப்பான். அது ஒரு நாளைக்கு இனிக்கும், மூன்றாம் நாள் தலைவலி. சில ஒயின் நாவல்பழத்தைக் கொட்டையோடு கடித்த மாதிரி நாக்கை இழுக்கும், ஆனால் விழுங்கின பிறகு வாய் சுத்தமாக இருக்கும். தினமும் குடிக்க அதுதான் சரி. சேவு வைத்துக்கொண்டு குடிக்கக்கூடாது, காரம் ஏறி ஒயின் கசக்கும். அவித்த மொச்சை போதும். ஆறு மாதம் தேடி, கடையின் கீழ்த்தட்டில் தூசியடைந்து கிடந்த ஒன்றைப் பிடித்தேன். லேபிளில் ஒரு பறவைப் படம், அதுவும் கோணலாக ஒட்டியது. விலையும் அங்கிருந்ததிலேயே குறைவு. அன்றிலிருந்து அந்தப் பறவைப் படம்தான்.

அவரும் அதற்குப் பழகினார். பழகியதோடு நிற்கவில்லை, அதில் நாக்கைக் காட்ட ஆரம்பித்தார். "இன்னிக்கு ஊத்துனது பழைய பாட்டிலு", "இது வேற பெட்டி" என்பார். பாதி நாள் சரியாகத்தான் சொல்லுவார். தெருவில் இருந்த பழைய கம்பெனி ஆட்கள் எதையாவது வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, இத ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க" என்று உட்கார ஆரம்பித்தார்கள். கையை இழந்த மனுசனுக்கு மறுபடியும் போர்மேன் மிடுக்கு வந்துவிட்டது.

பிரஸ்ஸில் வேலை பார்க்கும் எங்கள் மருமகன் ஒரு வைகாசியில் வெளிநாட்டு ஒயின் ஒன்று கொண்டுவந்தார். கனமான பாட்டில், கார்க்கு மூடி. முதலாளி கொடுத்ததாம். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். "இதாம் புள்ள சரக்கு. நீ வாங்கிட்டு வாறது கழுநீரு." அந்தப் பாட்டில் தீர்ந்த அன்று அதைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் அதில் பறவைப் படத்தை ஊற்றி, கார்க்கை அமுக்கி, அவர் கண்ணெதிரே கொண்டுபோய்த் திறந்தேன்.

"இன்னொரு பாட்டிலு இருந்துச்சா?"

"மாப்ள குடுத்துவிட்டாக."

குடித்தார். கண்ணை மூடினார். "பாத்தியா, இதுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும்" என்றார்.

அப்போதே சொல்லியிருந்தால் அது புருசன் பொண்டாட்டிக்குள் ஒரு கேலியாகப் போயிருக்கும். தீபாவளி முடிகிற வரைக்கும் அந்த ஒரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் மற்றவர்களிடம் அதைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்டுக்கொண்டே மொச்சை உரித்தேன்.

தீபாவளி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஒரு பெரிய மனுசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிவகாசியில் லாட்ஜும் பாரும் வைத்திருக்கிறவர். சீசனுக்கு ஆர்டர் போட வருகிற வடநாட்டு வியாபாரிகள் அங்கேதான் தங்குவார்கள். அவர்களில் பலர் இப்போது ஒயின் கேட்கிறார்களாம். விலை கூடினதை வாங்கி வைத்தால் கட்டுப்படியாகவில்லை, குறைந்ததில் எது நல்லது என்று பார்க்க ஆள் இல்லை. மருமகன் மாமனாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பாரில் ஒரு நாற்காலி, மாதச் சம்பளம், வருகிற பாட்டிலைச் சுவைத்துப் பார்த்துச் சொன்னால் போதும். கை தேவையில்லை.

அன்று காலையிலிருந்தே என் வீட்டுக்காரர் ஒரு நிலையில் இல்லை. வெள்ளைச் சட்டை போடச் சொன்னார். பித்தானெல்லாம் நான்தான் போட்டேன். தலை சீவினேன். மீசையை ஒதுக்கிவிட்டேன். "வேலைக்குப் போனா ஒனக்கும் தொந்தரவு இல்ல, புள்ள" என்று, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, மெதுவாகச் சொன்னார். கழுத்துப் பித்தானையும் போட்டுவிட்டேன்.

லாட்ஜ்காரர் உட்கார்ந்து விசாரித்தார். தெரு ஆட்கள் நாலு பேர் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, எதை நல்லதுன்னு சொல்லுவீக? ஒரு அளவு வேணும்ல."

"அளவு நம்ம வீட்லயே இருக்கு" என்றார் அவர். "ஏ புள்ள, அந்த வெளிநாட்ட எடுத்துட்டு வா."

ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினேன். அவர் மணிக்கட்டுக்கு நடுவில் டம்ளரைத் தூக்கி, ஒரு வாய் வைத்து, நாக்கைச் சுழற்றினார். "குடிச்சுப் பாருங்க, மொதலாளி. கடல் தாண்டி வந்தது. நம்ம ஊர்க் கடைச் சரக்க இதுக்குப் பக்கத்துல வச்சீகன்னா, கண்ணக் கட்டிக்கிட்டே எது எதுன்னு சொல்லிருவேன். எம் நாக்கு பொய் சொல்லாது."

நான் பானைக்கு அடியில் இருந்து பறவைப் படப் பாட்டிலை உருவி எடுத்தேன். மணலைத் துடைத்து, நடுவில் வைத்தேன்.

"நீங்க குடிக்கிறது இதுதான். வைகாசியில இருந்து இதுதான் குடிக்கீக. வெளிநாட்டுப் பாட்டிலு ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு."

தெரு ஆட்களில் ஒருவன் முதலில் சிரித்தான், பிறகு எல்லோரும். மருமகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏன் அத்தை" என்றார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தார். அது மணிக்கட்டிலிருந்து நழுவி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொள்ள அவரால் முடியாது. நான் எழுந்திருக்கவில்லை.

லாட்ஜ்காரர் தன் டம்ளரை இன்னொரு தடவை குடித்துப் பார்த்தார். வியாபாரி அல்லவா. "சரக்கு நல்லாத்தான இருக்கு. இத யாரு பாத்து எடுத்தது?"

"நான்தான்."

"அப்ப நீங்க வந்து பாத்துச் சொல்லுதீகளா, அம்மா?"

"பார்ல வந்து குந்துற பொம்பள நான் இல்ல. பாட்டில இங்கன அனுப்புங்க."

இப்போதும் சீசனுக்குச் சீசன் பெட்டி வருகிறது. துணியில் சொட்டு விட்டுப் பார்க்கிறேன், ஒரு கரண்டி குடிக்கிறேன், வேண்டும், வேண்டாம் என்று பிரித்து வைக்கிறேன். என் மகள் ஒரு வருசம் என்னோடு பேசவில்லை. தெரு ஆட்கள் வருவதில்லை.

அவர் நாக்கு அன்று பொய் சொல்லவில்லை. நல்லதை நல்லது என்றுதான் சொன்னது. கடல் தாண்டி வந்ததென்று சொன்னது அவர் வாய், நாக்கு இல்லை. லாட்ஜ்காரருக்கே அது தெரியும், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாற்காலி என் வீட்டுக்காரருக்குக் கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. இன்று வரைக்கும் அவரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவர் ஒயினைப் பற்றிப் பேசுவதே கிடையாது. ஊற்றிக் கொடுத்தால், ஒரு வாய் வைத்து, விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். நல்லதா, கெட்டதா என்று என் முகத்தில் தேடுகிறார். புதுப் பெட்டி பிரித்து, உண்மையிலேயே நல்ல ஒயின் ஊற்றுகிற நாட்களில், நான் முகத்தைச் சுளித்துக் காட்டுவேன். உடனே அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்.