மாமனாரின் கை தேடிய விளிம்பு

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் குளியலறையில் ஒரு பாத்டப் இருந்தது. என் மாமனார் சங்ககிரியில் லாரி ஓட்டி ஓய்ந்தவர்; முழங்கால் வலிக்காரர். தொட்டியின் விளிம்பைத் தாண்ட அவர் படும் பாட்டைப் பார்த்து, அதை உடைத்தெடுத்துவிட்டு ஷவர் வைத்தோம். சொரசொரப்பான டைல்ஸும், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூலும் போட்டதில் எனக்கு ஒரே பெருமை.

முதல் நாள் குளியலிலேயே உள்ளிருந்து அலறல் கேட்டது. நல்லவேளையாக அவர் தாழ் போட்டிருக்கவில்லை. என் கணவர் ஓடிப்போய்ப் பார்த்தால், மாமா தரையில் கிடக்கிறார். அவர் மேல் வெந்நீர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிறது. தோள் முழுக்கச் சிவந்து, கொப்புளம் கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்ட பிறகு, “எப்படிங்க மாமா ஆச்சு?” என்று கேட்டேன்.

“எந்திரிக்கறப்ப எப்பவும் தொட்டி ஓரத்தைத்தான் புடிப்பேன் சாமி. அது இப்ப இல்லியே. கைக்கு ஆப்புட்டது வெந்நீர்க் குழாய். அது திரும்பிருச்சு, நானும் உழுந்துட்டேன். லாரில ஏறக்கூட கைப்பிடி இருக்குது. இங்க எதைப் புடிக்கறது?”

அவர் தாண்டச் சிரமப்பட்ட விளிம்பைத்தான் நான் பார்த்தேன். அதையே பிடித்துத்தான் எழுகிறார் என்பதைக் கவனிக்கவே இல்லை.

இப்போது லாரி பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்த கைப்பிடி, அவர் கை நீட்டிக் காட்டிய இடத்திலேயே சுவரில் இருக்கிறது. கீசரின் சூட்டையும் குறைத்துவிட்டோம். வீட்டில் எதை மாற்றினாலும் முதலில் அவரைக் கேட்கிறேன். ஆனாலும் அவர் குளிக்கப் போனால், வெளியே வரும்வரை அடுப்படியில் எனக்குக் கை ஓடுவதில்லை.