மாவடிப்பள்ளியில் குடித்த பால்

எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது எதைத்தான் கேட்காமல் விடுவார்கள்? பெண்ணுக்கு வீடு கட்டியாயிற்றா, கூரை போட்டாயிற்றா, பெண் எந்தக் குடி, மாப்பிள்ளை எந்தக் குடி, இரண்டும் ஒரே தாய்வழியாகப் போய்விடக் கூடாதே என்று செத்துப்போன கிழவிகளையெல்லாம் எழுப்பி விசாரிப்பார்கள். எனக்கும் அப்படித்தான் விசாரித்தார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வி, கலியாணம் முடிந்த கிழமையே, ஹனிமூன் போகிற வழியில் எங்களைப் பிடித்தது.

ஹனிமூன் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்முனையிலிருந்து கடலோரப் பாதையாலேயே பொத்துவிலுக்குப் போய், அறுகம்பேயில் ஓர் அறையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது. காரில் போனால் சாவகாசமாக ஒரு காலைப் பொழுது. ஆனால் எங்கள் ஆட்கள் புது மாப்பிள்ளையையும் பெண்ணையும் சோறு போடாமல் தங்கள் ஊரைக் கடக்க விடுவார்களா? சாய்ந்தமருதில் பகல் சாப்பாடு, நிந்தவூரில் தேத்தண்ணி, அக்கரைப்பற்றில் என் வாப்பா வீட்டில் இரவுச் சாப்பாடு என்று வழி நெடுக விருந்து. என் கணவர் கணிதம் படிப்பிக்கிற மாஸ்டர். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தார். இது ஹனிமூனா, பஸ் ஓட்டமா என்று கேட்டேன். வாய் கொள்ளாமல் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. பேசிச் செய்த கலியாணத்தில் இத்தனை சீக்கிரம் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வாப்பா வேறு ஊரில் இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம். கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று என் உம்மா மௌத்தாகிவிட்டார். நான் அப்போது கைக்குழந்தை. சில வருடம் கழித்து வாப்பா அக்கரைப்பற்றில் மறுகலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போனார். நான் உம்மாவின் வீட்டிலேயே பெரியம்மாவிடம் வளர்ந்தேன். "உம்மா" என்று கூப்பிட எனக்கு ஆளில்லாமல் போனது. அதனால்தானோ என்னவோ, எனக்கு வாய் நீளம், கோபமும் கொஞ்சம் கூட.

சாய்ந்தமருதில் எங்களை விருந்துக்கு அழைத்தவர் என் கணவரின் சாச்சி, அதாவது அவருடைய உம்மாவின் தங்கை. மாமி, என் கணவரின் உம்மா, எங்கள் சம்பந்தம் பேசுவதற்குப் பல வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். நான் அவரைக் கண்டதேயில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சாச்சி நெய்ச்சோற்றை ஒரே பெரிய சகன் தட்டில் போட்டு, நாங்கள் இருவரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிட வேண்டும் என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். ஊர்க்கதை போய்க்கொண்டே இருந்தது. கடல் வந்த பிறகு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். மாவடிப்பள்ளிப் பள்ளிக்கூட முகாமில் இருந்தோமாம், யாரோ ஒரு புண்ணியவதி எனக்குப் பால் கொடுத்துக் காப்பாற்றினாராம், பேர்கூடத் தெரியாது என்றேன்.

சாச்சியின் முகம் மாறியது. அவர்களும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்களாம். மாமியின் கடைசிப் பிள்ளை, பால்குடி மறக்காத பெண்பிள்ளை, கையிலிருந்து கடலோடு போய்விட்டது. மாமிக்கோ மார் நிறையப் பால். தாயில்லாத ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து பெண்கள் மாமியின் மடியில் வைத்ததைச் சாச்சி கண்ணால் கண்டிருக்கிறார். அன்றைக்கே அவர் செத்தவர்களின் மையித்துகளைத் தேடுகிறவர்களோடு ஊருக்குத் திரும்பிவிட்டதால் பிறகு நடந்தது தெரியாது. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண் என்றார்.

சகனில் இருந்த என் கணவரின் கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரலில் சோறு ஒட்டியிருந்தது.

சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஒரு தாயிடம் ஐந்து தரம் வயிறாரப் பால் குடித்த பிள்ளை அந்தத் தாய்க்குப் பிள்ளை. அவள் பெற்றவர்கள் எல்லோரும் அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள். கூடப்பிறந்தவரோடு நிக்காஹ் இல்லை. தெரியாமல் செய்திருந்தால் குற்றமில்லை, தெரிந்த நிமிடமே பிரிந்துவிட வேண்டும். குடி கேட்டுக் குடி கேட்டு எங்கள் பெரியவர்கள் களைத்துப்போனார்கள், இந்தப் பிள்ளை யாரிடம் பால் குடித்தது என்று கேட்க ஒரு நாதி இல்லை. எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புறப்படும்போது சாச்சி இன்னொரு விஷயத்தையும் சொன்னார். அந்த முகாமில் பால் கொடுக்கக் கூடியவர்களாக இரண்டு பேர்தான் இருந்தார்களாம். ஒன்று மாமி. மற்றது, கைப்பிள்ளையோடு சாய்ந்தமருதுக்கு விருந்தாட வந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு பாலமுனைப் பெண். அவ இருந்தா அவவுக்குத் தெரியும் என்றார். வீட்டில் ஒருவருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

தெருமுனை திரும்பியதும் என் கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. நானே இறங்கிப் பின்சீட்டில் ஏறினேன். புதுப்பெண் பின்சீட்டில், மாப்பிள்ளை முன்னால் டிரைவர் மாதிரி. யாராவது கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்தச் சில நாட்களில் எங்களுக்குள் இருந்த நெருக்கத்தை நினைத்தேன். வெட்கமா, பயமா, அவரைப் பறிகொடுக்கப் போகிறேன் என்ற துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காரைதீவைத் தாண்டும்போது வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். சந்தேகம் வராதபடி சுற்றி வளைத்துக் கேட்டேன். ஆண்கள் வேறு கட்டிடத்திலாம். பெண்கள் இருந்த வகுப்பறை வாசலில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வருவாராம். ஒரு பாலமுனைப் பெண் கொடுத்ததாகக் காதில் விழுந்ததாம், வேறு யாரும் கொடுத்தார்களா என்று தெரியாதாம். பிறகு, இரவைக்கு இறால் வாங்கியிருக்கிறேன் மகள், சுணங்காமல் வாங்க என்றார். ஓம் வாப்பா என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பாதையில் தெற்கே போனால் இடது பக்கம் குறுக்குத் தெருவாகப் போகிற ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் கடல் தெரியும். ஒழுங்கை வரும், கடல் வரும், மதில் வந்து மறைக்கும், திரும்பவும் கடல். பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான். அன்றைக்கு அது எங்களோடு கூடவே வருவதாகப் பட்டது. நான் எழும்பிப் போன முன்சீட்டில் அந்தப் பெண்பிள்ளை இருக்கிறாள் என்றும் பட்டது. இருந்திருந்தால் என் வயது. அவளுடைய பாலை நான் குடித்திருந்தால், அவள் வந்து என்னிடம் கேட்க மாட்டாளா? பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் அவள் எழும்பிப் போகவில்லை.

நிந்தவூரில் தேத்தண்ணிக்கு அழைத்தவர்களுக்குக் கார் டயர் போய்விட்டது என்று பொய் சொன்னோம். என் கணவர் பள்ளிவாசலில் பகல் நேரத்து ளுஹர் தொழுதுவிட்டு, யாருக்கோ கேட்கிற மாதிரி மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்தார். வெறும் சந்தேகத்தால் நிக்காஹ் முறியாதாம். ஆனால் கேட்டறியக் கூடிய ஆள் உயிரோடு இருக்கும்போது கேட்காமல் இருப்பது சரியில்லையாம். இதை எனக்குச் சொல்லும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முன் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே கதைத்தார்.

"எனக்கு அப்ப ஆறு வயசு. உம்மாவோட அந்தக் கிளாஸ் ரூமிலதான் படுத்த. ஒரு புள்ள அழுதுகொண்டே இருந்திச்சி. அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் நல்ல ஞாபகம்."

அது நான்தான் என்று இருவருக்கும் தெரிந்தது.

பாலமுனையில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. சாய்ந்தமருதில் அகப்பட்டுத் தப்பி வந்தவர் யார் என்று கடைத்தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காகத்தை விரட்டிக்கொண்டிருந்த அந்தத் தாய், கல்முனையிலிருந்து வருகிறோம் என்றதும் என்ன ஏதென்று கேட்காமல் உள்ளே இருத்தினார். என் கணவர் மாவடிப்பள்ளி என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நான்தான் மிச்சத்தைக் கேட்டேன். அந்த முகாமில் நீங்கள் பால் கொடுத்த பிள்ளை யாருடைய பிள்ளை?

தகப்பனைத்தான் தெரியும் என்றார். கை முறிந்த மனிதர். வலக்கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, இடக்கையால் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி வாசலில் நிற்பார். விழுத்திவிடுவாரோ என்று பயந்து ஓடிப்போய் வாங்குவாராம். என் வாப்பாவின் வலக்கை இன்றைக்கும் நேராக நீளாது. நான் அழத் தொடங்கினேன். அந்தத் தாய்க்கு விளங்கியது. கிட்ட வந்து என் முகத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

ஆனால் என் கணவர் அழவில்லை. அவருடைய கேள்வி இன்னும் மிச்சம். அந்த அறையில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த இன்னொரு தாயும் இருந்தாரே, அவர் இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாரா என்று கேட்டார். தான் யார் என்று சொல்லவில்லை. குரல் மட்டும் சரியில்லாமல் இருந்தது.

இல்லை என்றார் அந்தத் தாய். முதல் நாள் இரண்டு பிள்ளைக்குத் தன் பால் காணாது என்று பயந்து, நான் அழ அழ என்னைத் தூக்கிப்போய் மாமியின் மடியில் வைத்ததே அவர்தானாம். மாமியின் சட்டையெல்லாம் பாலில் நனைந்திருந்ததாம். மாமி என்னைத் தூக்கியிருக்கிறார். மார்புக்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார். பிறகு நீட்டிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதக் குடுத்து முடிச்சிட்டா, என்ட புள்ள வந்து என்னத்தக் குடிக்கும் எண்டு கேட்டா. அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ற மகள்? என்ட புள்ள என்ட மடியில கிடந்திச்சி. எனக்குக் குடுக்க ஏலும். அவவுக்கு எப்படி ஏலும்?"

அதன் பிறகு மாமி என்னைத் தொடவேயில்லையாம். பால் கட்டிக் காய்ச்சல் கண்டதாம். பிழிந்து ஊற்றிவிடு என்று எல்லோரும் கெஞ்சியும் கேட்கவில்லையாம். வாசலைப் பார்த்தபடியே இருப்பாராம். முகாமைவிட்டுப் போகும் மட்டும் நான் பாலமுனைத் தாயின் பாயில், அவருடைய மகனோடுதான் படுத்திருக்கிறேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என் கணவரைப் பார்த்தேன். எங்கள் நிக்காஹ் முறியவில்லை. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட வேண்டிய மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, அது என்ட உம்மா என்றார். பாலமுனைத் தாய் அவருடைய தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆறு வயதுப் பிள்ளையாக அந்த அறையில் இருந்து, உம்மாவின் நனைந்த சட்டையை வியர்வை என்று நினைத்திருந்ததாக அவர் அன்றுதான் சொன்னார்.

அந்தத் தாய் எங்களைச் சும்மா விடவில்லை. தயிரும் சோறும் போட்டார். கத்தாரில் இருக்கிற மகனுக்கு வீடியோ கோல் எடுத்து, இதுதான்டா உனக்குத் தங்கச்சி என்று என்னைக் காட்டினார். நான் வழக்கப்படி முகத்தை மூடப் போனேன், மூடத் தேவையில்லை என்று கையைத் தட்டிவிட்டார். வேலைத்தளத்தில் தொப்பியோடு நின்ற அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் ஸலாம் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு உம்மா என்று கூப்பிட ஓர் ஆள் உண்டு. கிழமைக்கு ஒரு தரம் கருவாடு வருகிறது.

அறுகம்பேக்கும் போனோம். முன்சீட்டில் ஏறித்தான் போனேன். ஆனால் அந்த இரண்டு நாளும் நாங்கள் கடற்கரைப் பக்கம் போகவில்லை.

மாமியின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பசியில் கதறிய பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த கை அது. கொடுத்திருந்தால் நான் அவருக்கு மகளாகியிருப்பேன், மருமகளாகியிருக்க முடியாது. அவர் கொடுக்காமல் விட்டதில்தான் என் வாழ்க்கை நிற்கிறது. இதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து நேரத் தொழுகையிலும் அவருக்காகத் துஆ கேட்கிறேன். எதற்காக என்று மட்டும் சொல்வதில்லை.

இப்போது எனக்கு ஒரு மகள். போன நோன்புக்குப் பிறகு பிறந்தாள். அவள் அழ வேண்டும் என்றில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை பசியில் அழுதாலே எனக்குப் பால் தானாகச் சுரந்து சட்டை நனைந்துவிடுகிறது. நிறுத்த நினைத்தாலும் நிற்காது. அப்போதெல்லாம் மாமி அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த இருப்பு என் கண்ணுக்குள் வருகிறது. நான் அழுத ஒவ்வொரு தரமும் அவருக்கும் சுரந்திருக்கும்.