நடுவில் நிற்காத குரல்

செஞ்சியில் மைக் செட் வாடகைக்கு விடும் பாய், வீட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி செய்திருந்தார். கல்யாணத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவருக்கு ஸ்டீரியோவைப் பற்றி என்ன தெரியும் என்று, ஸ்பீக்கர்களைச் சோதித்துச் சொல்லும் எனக்கு இளக்காரம். நான் சோதித்து நல்லது என்றால் வாங்குவதாக அவலூர்பேட்டை டாக்டர் ஒருவர் சொல்லியிருந்தார். பாய்க்கு அதுதான் முதல் விற்பனை.

பெட்டிகளின் ஒலியைத் தனித்தனியே அளந்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. சேர்த்துப் பாடவிட்டால் பாடகியின் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறியது. தேதியும் நேரமும் போட்டு, ‘தகர டப்பா’ என்று நோட்டில் எழுதினேன். டாக்டருக்கும் போனில் அப்படியே சொன்னேன்.

பெட்டிகளை எடுத்துப்போக வந்த பாய், பாட்டைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் பெட்டிகளின் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒரு பொட்டில செவப்பும் கருப்பும் மாத்திக் குத்திக்கிறீங்க! ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. கொரலு எங்க நிக்கும்? கல்யாணத்துல இப்பிடிக் குத்துனா பொண்ணு வூட்டுக்காரன் ஒதைப்பான்."

ஒயரை மாற்றினார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, என் காலண்டர் தொங்கும் இடத்தில், பாடகி வந்து நின்றாள்.

அவர் எதிரிலேயே டாக்டரைப் போனில் அழைத்து, தப்பு என்னுடையது என்றேன். "நாளைக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நோட்டில் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ‘தகர டப்பா’ என்பதற்கு எதிரே, அதே தேதிக்குக் கீழே, என் பெயரை எழுதினேன்.