சூரைச் சினை வறுவல்

போன ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. மீன்வள இலாகாவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் வசந்தி. கடல் இல்லாத ராசா என்ற ஊரில் பிறந்து, கடல் மீனைப் படித்து வந்த பெண். கையில் என் பழைய ரிப்போர்ட்.

"ஐயா, சூரை மீன் நம்ம கரையோரத்துல முட்டை போடுறதில்லன்னு எழுதியிருக்கீங்க. கொஞ்ச மாசம் வலை போடாம கடலை மூடி வைக்கலாமான்னு மறுபடியும் பேச்சு வந்திருக்கு. மேலிடம் இதைக் காட்டி வேணாங்குது. நல்லா பார்த்தீங்களா?"

"பார்க்காமலா எழுதுவேன்?" என்றேன். ஓய்வு பெற்றவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

சூரையைத் தெரியுமல்லவா? சந்தையில் மலாய்ப் பெயரில் தொங்கோல் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். அதன் பிள்ளைப்பேறு விசித்திரமானது. கூடு கிடையாது, காவல் கிடையாது. கடுகைவிடச் சின்ன முட்டைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அவை பாட்டுக்கு மிதந்து திரியும். அதோடு முடிந்ததா? வயிறு மறுபடி நிறையும், மறுபடி விடும்... பருவம் முழுக்க இதே கதை.

எந்த மாதம் சினை முற்றுகிறது, எந்த அளவில் மீன் முதல் தடவை முட்டை விடுகிறது — இவை தெரிந்தால்தான் எப்போது வலையை நிறுத்துவது, வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். தெரியாவிட்டால்? ஒரு தடவைகூட முட்டை விடாத மீனையே பிடித்துக்கொண்டிருப்போம். பிறகு பிடிக்க மீன் இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பதுதான் அன்று என் வேலை. வாராவாரம் மீன் வாங்கினேன், வயிற்றைக் கிழித்தேன், பார்த்தேன். முற்றிய சினை கண்ணில் படவே இல்லை. எழுதிவிட்டேன்.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். ரப்பர் தோட்டத்து லய வீட்டில், கருவாடே விருந்தாக வளர்ந்தவள். கல்யாணமாகிக் கோலசிலாங்கூர் வந்ததும் சினை வறுவலுக்கு அடிமையாகிவிட்டாள். வசந்தியின் தட்டிலும் ஒரு துண்டு வைத்தாள்.

"இது என்ன சினை, அம்மா?"

"சூரைதான்மா. மார்க்கெட்ல மீன் விக்கிற காதர் பாய் எனக்குன்னு எடுத்து வைப்பாரு. இவங்க வேலையில இருக்கிறப்பவே வாங்குறேன். அப்பல்லாம் கை நிறைய இருக்கும். இப்பப் பாரு, சுண்டுவிரலு மாதிரி."

வசந்தி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

விடியற்காலையில் படகுத்துறைக்குப் போகச் சோம்பல்பட்டு, ஆராய்ச்சிக்கான மீனையும் அதே பாயிடம்தான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாயங்காலம் இருவரும் பாய் வீட்டுக்குப் போனோம்.

"அப்ப எனக்கு மீனை எப்படிப் பொறுக்குவீங்க, பாய்?"

"வயித்த அமுக்கிப் பாப்பேன் சார். சினை இருந்தா தள்ளி வச்சிருவேன். சினை மீனு சதை சப்புன்னு இருக்கும் லா. ஆபிசருக்கு அதையா கொடுக்கிறது? மரியாதையா இருக்குமா?"

"அந்தச் சினையெல்லாம்?"

"நல்லா கேட்டீங்க! பாதி உங்க வீட்டம்மாதானே வாங்குனாங்க!"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். வசந்தி சிரிக்காமல் கேட்டாள்:

"சினை மீனு எந்த மாசம் அதிகமா வரும், பாய்?"

அவர் சிரிப்பு நின்றது. "கடலை மூடப் போறீங்களா? மூடிட்டா நான் என்னத்த விக்கிறது?"

பாய் தாடியைத் தடவினார்.

"மூடாட்டியும் என்னத்த விக்க... வர்றதெல்லாம் குட்டியாவுல்ல இருக்கு. உக்காருங்கம்மா, சொல்றேன்."

நம்மை மதிக்கிறவர்கள் நமக்கு நல்லதாகவே பொறுக்கித் தருவார்கள். மீனானாலும் சரி, செய்தியானாலும் சரி. நாம் பார்த்தே ஆகவேண்டியது எதுவோ, அதை முதலில் தள்ளி வைத்துவிடுவார்கள். கரைக்குப் போகாதவனுக்கு அது எப்படித் தெரியும்?

மறுநாள் காலை இலாகாவுக்கு எழுதிக் கொடுத்தேன்: என் ரிப்போர்ட் தவறு, அதை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று. மேலிடம் கேட்குமா, தெரியாது. கேட்டாலும், நடுவில் போன பருவங்களைத் திருப்பித் தர என்னால் ஆகாது.

முற்றிய சினை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? கிடைத்தது... மிளகு தூக்கலாக.