அக்கா படுத்த தீவு

என் அக்காவுக்கு வீம்பு பிடித்தவள் என்று பேர். இருக்கட்டுமே, யாருக்கு என்ன வந்தது?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கு. ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க ஆவி, மலை மலையாகப் படுக்கை விரிப்பு. உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. கேட்டதற்கு, உட்கார்ந்தால் வேலை ஓடாது என்று சூப்பர்வைசர் சட்டம் பேசினாராம். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். அம்மா போன பிறகு தங்கச்சியான என்னை ஆளாக்கியதும் அந்தக் கால்கள்தான்.

நகரத்துக்கு நடுவே ஆற்றில் ஒரு தீவு. முழுக்க மரமும் புல்லுமாக, டிக்கெட் வாங்கிப் படகில் போகும் பூங்கா. தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரே ஆசை, ஒரு மத்தியானம் அங்கே மரத்தடியில் கால் நீட்டிப் படுக்க வேண்டும். வீட்டில் கட்டில் இல்லையா என்று அத்தான் சிரித்தார். கட்டிலில் படுத்தால் நீங்கள் டீ கேட்பீர்கள் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

படகை விட்டு இறங்கியதும் பெரிய மரமாகப் பார்த்துச் செருப்பைக் கழற்றிப் போட்டாள். அப்பாடா என்று மல்லாந்தாள். உடனே விசில். காவலாளி ஓடி வந்து அறிவிப்புப் பலகையைக் காட்டினார். புல்லில் உட்காரலாமாம், படுக்கக் கூடாதாம், பார்க்க நன்றாக இருக்காதாம். அக்கா அசையவில்லை. அவர் போய் மேலாளரை அழைத்து வந்தார். கூட்டம் கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. எழுந்திரு, போய்விடலாம் என்று கையைப் பிடித்தேன். வெட்கமாக இருந்தால் அடுத்த படகில் நீ போ என்று உதறிவிட்டாள். அப்புறம் படுத்தபடியே மேலாளரிடம் சொன்னாள்.

"நிக்கிறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம். இந்த டிக்கெட்ட படுக்கிறதுக்கு வாங்கினேன்."

ஆளை விட்டுத் தூக்கச் சொல்லட்டுமா என்று அவர் பல்லைக் கடித்தார். தாராளமாகத் தூக்கட்டும், ஆனால் மெதுவாக, முழங்கால் வலி இருக்கிறது என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். உங்களைப் பார்த்தால் படித்தவர் மாதிரி தெரிகிறது, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். அக்காவின் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படிக்க வச்சதே அவதான் சார். நான் எழுப்ப மாட்டேன். உங்களையும் எழுப்ப விடமாட்டேன்."

தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அக்கா அதற்குள் தூங்கிப்போயிருந்தாள். கடைசிப் படகு வரைக்கும் ஒருத்தரையும் கிட்டே அண்டவிடவில்லை.