மறைந்திருக்கும் அடைப்புக்குறி

தப்பான ஒரு கணக்கைச் சரியென்று சாதித்து, ஒரு வகுப்பு முழுவதையும் நம்பவைத்தவள் நான். கணக்கு டீச்சர் நான்! இதைவிடக் கேவலம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று உடனே சமாதானம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். சறுக்கியது குற்றமில்லை. சறுக்கி விழுந்துவிட்டு, "நான் விழவே இல்லை, இது ஒரு புதுவகை நடை" என்று சொன்னேனே... அதுதான் குற்றம்.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கம்பெனி வேலைக்காரர்கள். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தூத்துக்குடித் தமிழ். எந்த மொழியில் திட்டினாலும் என் வகுப்பில் யாருக்காவது புரிந்துவிடும் என்பதால், நான் எல்லா மொழியிலும் திட்டுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கணக்கைத் தப்பாகப் போட்டவர் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, "என் கவனக்குறைவு" என்று சொல்ல வேண்டும். அடி கிடையாது, இம்போசிஷன் கிடையாது, அவ்வளவுதான். சட்டம் போட்டவளுக்கும் அந்தச் சட்டம் பொருந்துமா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க எனக்கு என்ன தலையெழுத்து? நான்தான் தப்பே போடமாட்டேனே!

திருப்புதல் வகுப்பு என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சரி, விளையாட்டாகச் செய்து பார்ப்போம் என்று, என் கணவர் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப் போட்ட இரும்பு டூல்ஸ் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு நம்பர் பூட்டு வாங்கி அதற்கு மாட்டினேன். பலகையில் மூன்று கணக்குகள்; மூன்று விடைகளையும் வரிசையாக வைத்தால் பூட்டு திறக்கும். உள்ளே பால்கோவா. அதைவிடப் பெரிய பரிசு ஒன்றும் அறிவித்தேன். முதலில் திறப்பவர்தான் கிருஷ்ணகிரியில் நடக்கும் கணக்குப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து போவார். ஒரே ஓர் இடம்.

அந்த இடம் நஸ்ரினுக்குத்தான் என்று வகுப்பே முடிவு கட்டியிருந்தது. பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் மகள். பள்ளி திறந்த முதல் வாரமே என்னிடம் வந்து, "கிருஷ்ணகிரிக்கு இந்த வருசம் எப்ப டீச்சர் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டவள். அவளுக்காகவே இந்தப் போட்டியை வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதல் கணக்கு இதுதான்: 24 ÷ 6 × 2.

நீங்களும் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். அவசரமில்லை.

விடை எட்டு. வகுத்தலும் பெருக்கலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறேன் இதை. ஆனால் அன்று காலை ஒரு பக்கம் குக்கர் விசிலடிக்க, மறுபக்கம் கணவர் சாக்ஸைத் தேடிக் கத்த, நான் பூட்டுக்கு எண் வைத்தேன். ஆறிரண்டு பன்னிரண்டு, இருபத்து நான்கில் பன்னிரண்டு இரண்டு தடவை, ஆக, இரண்டு! பெருக்கலை முதலில் செய்துவிட்டேன். ஊருக்கு உபதேசம், எனக்கில்லை.

நஸ்ரின்தான் முதலில் எழுந்து வந்தாள். எட்டை வைத்தாள், மற்ற இரண்டு எண்களையும் வைத்தாள், இழுத்தாள். பூட்டு அசையவில்லை.

"தப்பு. போய்ப் பொறுமையா போட்டுட்டு வா."

போய்ப் போட்டாள். திரும்பி வந்தாள். "எட்டுதான் வருது டீச்சர்."

"அப்ப பூட்டு பொய் சொல்லுதா? சட்டம் என்னா?"

அவள் எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்று, "என் கவனக்குறைவு" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு லேசாக எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரி, சுலபமான கணக்கில் போய்க் கோட்டைவிடுகிறாளே என்று!

எட்டு வைத்த மற்றவர்களும் வரிசையாகத் தோற்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். விளையாட்டு வழிக் கணக்கைப் பார்க்க வரச் சொல்லி அவரை அழைத்திருந்தவளும் நான்தான். தேடிப்போய் வாங்கிக்கொண்டேன்.

அப்போது எழுந்தான் மஞ்சுநாத். பெருக்கல் குறியைக் கண்டால், பந்தியில் ஜாங்கிரியைக் கண்டதுபோல முதலில் அதன்மேல் பாய்கிறவன். "என் கவனக்குறைவு" என்பதைத் தன் பெயரைவிட அதிக தடவை சொன்னவன். பெருக்கல் குறியே இல்லாத மற்ற இரண்டு கணக்கையும் எப்படியோ சரியாகப் போட்டிருந்தவன், போய்ப் பூட்டைத் திருகினான். டக்கென்று திறந்துகொண்டது.

தலைமையாசிரியர் கை தட்டினார். "எப்படிப்பா போட்ட? போர்டுல போட்டுக் காட்டு" என்றார். அவனும் போட்டுக் காட்டினான். ஆறிரண்டு பன்னிரண்டு... அங்கேதான் எனக்குப் பொறி தட்டிற்று. வகுப்பிலேயே கடைசிப் பையன் போட்ட தப்பும் நான் போட்ட தப்பும் அச்சு அசல் ஒன்று!

அப்போதே சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சட்டம் தயாராக இருந்தது. சொன்னேனா? தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்தேன், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன், என் வாய் தானாகப் பேசிற்று.

"இது புதிர் பிள்ளைகளா. புதிர்க் கணக்குல அடைப்புக்குறி மறைஞ்சிருக்கும். ஆறு, பெருக்கல், ரெண்டு... இதைச் சுத்தி ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது. அதை மஞ்சு கண்டுபிடிச்சுட்டான்."

மறைந்திருக்கும் அடைப்புக்குறி! எந்த மகானும் கண்டுபிடிக்காததை நான் ஒரு நொடியில் கண்டுபிடித்தேன். பிள்ளைகள் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நஸ்ரின் எழுதி, அடிக்கோடும் போட்டாள்.

மறுநாள் மஞ்சுவின் அப்பா கெலவரப்பள்ளியிலிருந்து வண்டி கட்டாத குறையாக வந்துவிட்டார். தோட்டக்காரர். ஒரு பை குடைமிளகாய், ஒரு கட்டு ரோஜா. "நம்ம மஞ்சுவா டீச்சர்? நெசமாலுமே நம்ம மஞ்சுவா? எங்க வம்சத்துல கணக்குன்னா பயந்து ஓடுற ஆளுங்கதான் டீச்சர்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பள்ளிக்குப் போயிருந்தேன், நம்புங்கள். ஆனால் அந்த மனிதரை நிறுத்தி வைத்து எப்படிச் சொல்வது? குடைமிளகாயை வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் பொரியல்.

கிருஷ்ணகிரியில் மானம் போகக்கூடாதே என்று தினமும் சாயங்காலம் மஞ்சுவை உட்காரவைத்துப் பிழிந்தெடுத்தேன். இடமிருந்து வலம், இடமிருந்து வலம்! போட்டியில் அவன் கடைசியாகத்தான் வந்தான்; பங்கேற்புச் சான்றிதழை அவன் அப்பா கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. நஸ்ரின் மட்டும் அந்த வாரம் முழுதும் கையைத் தூக்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு அரையாண்டுத் தேர்வுவரை தாக்குப்பிடித்தது.

தேர்வில் 36 ÷ 3 × 4 வந்தது. மஞ்சுவின் தாளில் நாற்பத்தெட்டு. சரி! பையன் தேறிவிட்டான். அடுத்து நஸ்ரினின் தாள். முதலில் நாற்பத்தெட்டு என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே மூன்று என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் சிறிய எழுத்தில், "மறைந்திருக்கும் அடைப்புக்குறி."

சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள். சரி போட்டால் பொய்க்கு முத்திரை. தப்புப் போட்டால் பாவம். தப்புத்தான் போட்டேன்... வேறு என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்?

தாளைக் கொடுத்தபோது அவள் சண்டை போடவில்லை. எழுந்து நின்றாள். "என் கவனக்குறைவு" என்றாள். வகுப்பில் அந்த நேரம் நின்றுகொண்டிருந்தது இரண்டு பேர், அவளும் நானும். அவள் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பாடம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன். டீச்சர் நிற்பதை யார் கேட்பார்கள்?

இப்போது பலகையில் எந்தக் கணக்கை எழுதினாலும், நஸ்ரின் பேனாவைத் திறக்குமுன் கையைத் தூக்குகிறாள். "டீச்சர், இதுல அடைப்புக்குறி மறைஞ்சிருக்கா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். "இல்லம்மா" என்கிறேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போட ஆரம்பிக்கிறாள்.