சுற்றாமல் விற்ற கத்தி

இன்று மத்தியானம் களுதாவளை பஸ்ஸில், என் கடையில் விற்ற கத்தி ஒரு பெண்ணின் கையை வெட்டிவிட்டது.

பெரிய வெட்டுக்கத்தி. வாங்கியவர் தேற்றாத்தீவுத் தோட்டக்காரர். பேப்பரில் சுற்றப்போனேன், தடுத்துவிட்டார்.

"சுத்தாதீங்க முதலாளி. ஒளிச்சுக் கொண்டுபோறன் எண்டு சென்றியில இறக்கிப்போடுவாங்க."

ஆமியின் சோதனைச் சாவடியில் சுற்றிய பொருளென்றால் சந்தேகம்தான். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது எல்லோரும் அப்படித்தானே கொண்டுபோகிறோம்?

சாப்பாட்டுக்கு வீடு போக நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். சென்றிக்குக் கிட்ட ட்ரைவர் சடாரென்று பிரேக் போட்டார். நின்றுகொண்டு வந்த தையல்காரப் பெண் விழாமலிருக்கக் கையை ஊன்றினார். தோட்டக்காரரின் மடியிலிருந்த கத்தியின் மேல்தான் ஊன்றினார்.

சென்றியில் ஏறிய ஆமிக்காரன் இரத்தத்தைப் பார்த்தான். எதையும் சோதிக்காமல் பஸ்ஸை விட்டான்.

நானும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே, "பெருவிரல ஒருக்கா மடக்குங்க புள்ள" என்றேன்.

"மடக்கிக்கொண்டுதானே இருக்கன்" என்றார்.

விரல் அசையவேயில்லை. இதை எழுதும்போதும் அந்த விரல்தான் கண்ணில் நிற்கிறது.

விரல் சரிவருமா என்று ஒரு மாதம் போனால்தான் சொல்லலாம் என்றார் டொக்டர்.

"இனி உறை போட்டுத்தான் விப்பன். சென்றியில சட்டெண்டு திறக்க ஒரு பட்டன். கை சரிவந்ததும் நீங்க தைச்சுத் தாங்க, ஒண்டுக்கு முப்பது ரூபா" என்றேன்.

"முப்பதோ? கைய வெட்டினது காணாதா, வயித்துலயும் வெட்டுறீங்களே!"

மற்றக் கடைக்காரர்களே, நீங்கள் எப்படிக் கொடுத்தனுப்புகிறீர்கள்? சொல்லுங்கள்.

நாங்கள் பேசி முடித்தது இதுதான்: உறை ஒன்று நாற்பது ரூபாய், துணி என்னுடையது, அவர் கை சரிவரும்வரை என் கடையில் கத்தி விற்பனை இல்லை.